வெயிலுக்குக் காரணம் சூரியன்தானா? பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்பச் சொன்ன சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

வெயில் ஆரம்பிச்சதும் அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டும் வந்துருச்சு. "பூமி சூடாகுறதுக்கு நாம காரணம் இல்ல, சூரியன்தான். சூரியன்ல வெடிப்பு அதிகமாயிடுச்சு, அதான் இவ்வளவு அனல்." கூடவே தகதகன்னு ஒரு சூரியன் படம். பார்த்தா அறிவியல் மாதிரியே இருக்கும்.

இதுல பாதி உண்மை. சூரியனில் வெடிப்பு நடக்குது, அது பூமி வரைக்கும் வந்து தொடுது. ஆனா அது தொடுற இடம் வேற, நம்ம சட்டை வேர்வையில நனையுறதுக்கான காரணம் வேற. இந்த ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுப் பார்க்கிறதுதான் இன்னைக்கு வேலை.

நான் சாஃப்ட்வேர்ல இருக்கிறவன். ஒரு சிஸ்டம் திடீர்னு தடுமாறினா எங்க ஊர் வழக்கப்படி முதல் கேள்வி இதுதான்: உள்ள வர்ற இன்புட் மாறுச்சா, இல்ல சிஸ்டத்தோட செட்டிங்க்ஸ் மாறுச்சா? சூரியன் இன்புட். காற்று மண்டலம் செட்டிங்க்ஸ். இந்தக் கேள்வியைக் கையில வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் உதவும்.

ஒரு கரை, மூணு விஷயம்

மேப்பைத் திறந்து எண்ணூரிலிருந்து வடக்கே கடலோரமா போங்க. முதல்ல அத்திப்பட்டுப் பக்கம் வட சென்னை அனல் மின் நிலையத்தோட உயரமான புகைபோக்கிகள். அங்கேயே உள்பக்கமா பக்கிங்காம் கால்வாய், பழவேற்காடு ஏரியைப் பார்த்துப் போயிட்டிருக்கும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல, ஆந்திர எல்லைக்குள்ள, ஒரு நீளமான தீவு. அதுதான் ஸ்ரீஹரிகோட்டா. கொஞ்சம் மேற்கே திரும்பினா கும்மிடிப்பூண்டி, சிப்காட் ஷெட்டுகள், சூலூர்பேட்டை போற லோக்கல் ட்ரெயின்.

புகைபோக்கி, கால்வாய், ராக்கெட் தளம். மூணும் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளயோ அதை ஒட்டியோ இருக்கு. சூரியனைப் பத்தி நாம புரிஞ்சுக்கிட்டது, தப்பா புரிஞ்சுக்கிட்டது, இப்போ செஞ்சுக்கிட்டு இருக்கிறது எல்லாத்தையும் இந்த மூணை வச்சே சொல்லிடலாம்.

2023 செப்டம்பர் 2, காலை 11.50 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி-57 ராக்கெட் ஆதித்யா எல்-1 விண்கலத்தோட கிளம்பிச்சு. சூரியனைப் பார்க்கிறதுக்குன்னே இந்தியா அனுப்பின முதல் விண்கலம். திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். 2024 ஜனவரி 6-ஆம் தேதி அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பூமியிலிருந்து சூரியன் இருக்கிற திசையில 15 லட்சம் கிலோமீட்டர். பெரிய தூரம்னு தோணும். ஆனா சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அதுல இது நூத்துல ஒரு பங்கு. அப்போ ஆதித்யா சூரியன் பக்கத்துக்குப் போகலை. நம்ம தெருமுனையில நின்னு, வர்றதைப் பார்த்துச் சொல்ற வேலைதான் அதுக்கு.

வர்றது என்ன?

சூரியன் அனுப்புறது ரெண்டு

ஒண்ணு, ஒளி. கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம், தெரியாத அகச்சிவப்பு, புற ஊதா, எக்ஸ் கதிர் எல்லாம் இதுல சேர்த்தி. கிளம்பி 8 நிமிஷம் 20 விநாடியில நம்மகிட்ட வந்துரும்.

இன்னொண்ணு, சூரியக் காற்று. சூரியனோட வெளி அடுக்கிலிருந்து எப்பவும் வழிஞ்சுக்கிட்டே இருக்கிற, மின்னூட்டம் உள்ள துகள்கள். பெரும்பாலும் புரோட்டானும் எலக்ட்ரானும். சாதாரண நாள்ல விநாடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகம், இங்க வந்து சேர நாலு நாள். சில நேரம் சூரியன் தன் காந்தப் புலத்தோட சேர்த்து கோடிக்கணக்கான டன் துகள்களை ஒரே வீச்சுல எறியும். அதுல ரொம்ப வேகமானது ஒரு நாளுக்குள்ள வந்துரும்.

எனர்ஜி கணக்குல ரெண்டும் பக்கத்துல கூட நிக்க முடியாது. ஒளிதான் யானை. சூரியக் காற்று கொண்டுவர்றது அதுல லட்சத்துல ஒரு பங்குக்கும் கம்மி. அதனால தரையோட வெயிலுக்கும் மழைக்கும் ஒளிதான் பொறுப்பு. சூரியக் காற்றோட ஆட்டமெல்லாம் நம்ம தலைக்கு மேல நூறு, ஆயிரம் கிலோமீட்டர் உயரத்துல. ஃபார்வர்டு போட்டவர் இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிட்டார்.

கூரைக் கணக்கு

சிப்காட்ல தகர ஷீட் போட்ட ஷெட்டுக்குள்ள மதியம் 2 மணிக்கு நின்னிருக்கீங்களா? வெளிய இருக்கிற அதே வெயில்தான். ஆனா கேட்டுக்குப் பக்கத்துல ஒரு புங்க மரம் இருந்தா, எல்லாரும் டீ குடிக்க அங்கதான் போவாங்க. சூரியன் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்கலை. மேல என்ன இருக்குங்கிறதுதான் வித்தியாசம். கிரகங்களுக்கும் இதே கதைதான்.

பூமி இருக்கிற தூரத்துல, சூரியனுக்கு நேரா பிடிச்ச ஒரு சதுர மீட்டர்ல 1,361 வாட் விழுது. பூமி உருண்டை, பாதிப் பக்கம் எப்பவும் ராத்திரி. எல்லாத்தையும் சராசரி போட்டா சதுர மீட்டருக்கு 340 வாட். அதுல 30 சதவீதத்தை மேகம், பனி, மணல் எல்லாம் திருப்பி அனுப்பிடுது. மிச்சம் 240 வாட் உள்ள வருது.

உள்ள வந்தது வெளிய போயே ஆகணும், இல்லைன்னா பூமி சூடாகிக்கிட்டே போகும். பூமி அதை அகச்சிவப்புக் கதிரா வெளிய அனுப்புது. 240 வாட் வெளிய அனுப்ப ஒரு உருண்டை எவ்வளவு சூடா இருந்தா போதும்னு கணக்குப் போட்டா வர்ற விடை மைனஸ் 18 டிகிரி. ஆனா பூமியோட நிஜமான சராசரி ஏறத்தாழ 15 டிகிரி. நடுவுல இருக்கிற அந்த 33 டிகிரி, கூரையோட வேலை.

காற்றுல 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். அதுங்க அகச்சிவப்பைக் கண்டுக்கவே கண்டுக்காது. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் மாதிரி கொஞ்சமா இருக்கிற வாயுக்கள்தான் அதைப் பிடிச்சு, ஒரு பங்கைத் திரும்பக் கீழேயே அனுப்புது. தகர ஷீட் சூடாகுற விதமும் இதுவும் அப்படியே ஒண்ணு இல்ல. ஆனா "அதே வெயில், வேற கூரை" அப்படிங்கிற வரைக்கும் உவமை சரியா நிக்கும்.

இது மட்டும் இல்லைன்னா பழவேற்காடு ஏரியில தண்ணியே இருக்காது, ஐஸ்தான். அதனால கூரை கெட்டது இல்ல. எவ்வளவு தடிமன் அப்படிங்கிறதுதான் கேள்வி.

வெள்ளியும் செவ்வாயும்

இதைச் சரிபார்க்க நமக்கு ரெண்டு டெஸ்ட் கேஸ் பக்கத்துலயே இருக்கு.

வெள்ளி கிரகம் சூரியனுக்குக் கிட்ட. நமக்கு விழுறதைப் போல ஏறத்தாழ ரெண்டு மடங்கு வெயில் அங்க விழுது. தரை வெப்பம் 465 டிகிரி. ஈயம் உருக 327 டிகிரி போதும், துத்தநாகத்துக்கு 420. அப்போ கால்வனைசிங் தொட்டியைக் கரி போடாமலே அங்க நடத்தலாம். "கிட்ட இருக்கு, அதான் சூடு"ன்னு எல்லாரும் சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஆனா இங்கதான் ஒரு திருப்பம். வெள்ளியை மூடியிருக்கிற மேகம் வர்ற ஒளியில முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிடுது. மிச்சம் உள்ள போறது சதுர மீட்டருக்கு 150 முதல் 160 வாட்தான். நமக்கு 240!

நம்மை விடக் கம்மியா வெயில் வாங்குற கிரகம் நம்மை விட 450 டிகிரி அதிகச் சூடு. காரணம் கூரை. அங்க காற்றுல 96 சதவீதத்துக்கு மேல கார்பன் டை ஆக்சைடு, காற்றழுத்தம் நம்மைப் போல 90 மடங்கு.

செவ்வாய் நேர் எதிர். காற்றழுத்தம் நம்மதுல ஒரு சதவீதத்துக்கும் கம்மி. சராசரி வெப்பம் மைனஸ் 60 டிகிரியை ஒட்டி. ஆனா அங்க ஆறு ஓடின தடமும் ஏரி இருந்த தடமும் தெளிவா இருக்கு. அப்போ ஒரு காலத்துல தண்ணி ஓடுற அளவுக்குத் தடிமனான காற்று இருந்திருக்கணும். அது எங்க போச்சு?

2014 செப்டம்பர் 24-ல ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன மங்கள்யான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பிச்சது. அதுக்குச் சில நாள் முன்னாடிதான் நாசாவோட மேவன் போய்ச் சேர்ந்தது. செவ்வாயோட காற்று எப்படி விண்வெளிக்குத் தப்பிக்குதுன்னு பார்க்கிறதுதான் மேவனோட முழு வேலை. 2015-ல வந்த அதன் முடிவுப்படி, சூரியக் காற்று செவ்வாயிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 100 கிராம் வாயுவை உரிச்சுக்கிட்டுப் போகுது. 100 கிராம்தானேன்னு விட்டுடாதீங்க. ஒரு நாளைக்கு எட்டரை டன், ஒரு லாரி லோடு. சூரியப் புயல் அடிக்கிற நாள்ல இன்னும் அதிகம். சின்ன வயசுல சூரியனோட புற ஊதாவும் காற்றும் இப்போதையை விட உக்கிரமா இருந்தது. அந்தக் காலத்துல இழப்பும் பெருசு. இப்படி பல கோடி வருஷம் ஓடினா ஒரு கிரகம் காய்ஞ்சு போகும்.

"நமக்குக் காந்தப் புலம் இருக்கு, செவ்வாய்க்கு இல்ல, அதான்"னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அதுல உண்மை இருக்கு, ஆனா முழுசா இல்ல. வெள்ளிக்கும் சொந்தக் காந்தப் புலம் கிடையாது, அங்க காற்று குவிஞ்சு கிடக்கு. கிரகத்தோட எடை, ஈர்ப்பு, எரிமலை எவ்வளவு வாயு கக்குது, காந்தப் புலம் எல்லாம் சேர்ந்துதான் முடிவாகுது. வெள்ளியும் ஒண்ணை இழந்திருக்கு: தண்ணியை. புற ஊதா நீராவியை உடைச்சுப் போட, லேசான ஹைட்ரஜன் பறந்துருச்சு.

ஆக, சூரியன் கூரைக்குக் கீழ இருக்கிறதைச் சூடாக்கும், கூரையையே கொஞ்சம் கொஞ்சமா பிய்ச்சும் எடுக்கும். முதல் வேலை நாள் கணக்கு, ரெண்டாவது கோடி வருஷக் கணக்கு.

1877: சூரியன் மேல போட்ட பழி

இப்போ கால்வாய்க்கு வருவோம். சூரியன் மேல பழி போடுறது வாட்ஸ்அப் கண்டுபிடிப்பு இல்ல. நம்ம மதராஸ் மாகாணத்துலயே அதுக்கு 150 வருஷ வரலாறு இருக்கு.

1876-ல மழை பொய்ச்சது. நம்ம பாட்டி தாத்தாக்கள் வாயில தாது வருஷப் பஞ்சம்னு நின்னு போன பேர் அது. 1878 வரைக்கும் தென்னிந்தியாவை உலுக்கி, 50 லட்சத்துக்கும் மேல மக்களைக் கொன்னது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற 8 கிலோமீட்டர் கால்வாய் அப்போ பஞ்ச நிவாரண வேலையா வெட்டப்பட்டதுதான். வடக்கே எண்ணூர், பழவேற்காடு வழியா போற பழைய கால்வாயோட அது சேர்ந்துச்சு. அப்போதைய கவர்னர் பேரையே முழுசுக்கும் வச்சாங்க: பக்கிங்காம் கால்வாய். நிவாரண வேலைக்கு வந்த ஒரு ஆணுக்கு நாள் கூலியா கொஞ்ச காலம் விதிக்கப்பட்டது என்ன தெரியுமா? ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். ஒரு பவுண்டுன்னா 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுறவருக்கு. அதே வருஷங்கள்ல இந்தியாவிலிருந்து தானியம் கப்பல் ஏறிப் போய்க்கிட்டுதான் இருந்தது. அரசு அதை நிறுத்தலை.

அந்த 1877-லயே லண்டன்ல ஒரு கட்டுரை வந்தது. எழுதினவங்க வானியலாளர் நார்மன் லாக்யரும், இந்தியாவோட புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் ஹன்டரும். தலைப்பே "சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும்". சூரியனோட முகத்துல கரும்புள்ளிகள் 11 வருஷத்துக்கு ஒரு முறை கூடிக் குறையும். மதராஸ் மழைக் கணக்கைப் பக்கத்துல வச்சுப் பார்த்து, புள்ளி குறைஞ்சா மழை குறையுது, மழை குறைஞ்சா பஞ்சம் வருதுன்னு சொன்னாங்க.

இதை முட்டாள்தனம்னு ஒதுக்க முடியாது. அன்னைக்கு இருந்த டேட்டாவுக்கு அது நியாயமான ஊகம். ஆனா அந்த ஊகத்துல ஒரு வசதியும் இருந்தது. பஞ்சத்துக்குச் சூரியன்தான் காரணம்னா, ஏற்றுமதியைப் பத்தி, 450 கிராமைப் பத்தி யாரும் கேள்வி கேக்க வேண்டாம்.

நல்லதும் ஒண்ணு நடந்தது. சூரியனுக்கும் மழைக்கும் என்ன தொடர்புன்னு நிஜமாவே பார்க்கணும்னு வந்த அழுத்தமும் ஒரு காரணமா, 1899-ல கொடைக்கானல்ல சூரிய ஆய்வகம் வந்தது. அங்கதான் 1909-ல ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகள்ல வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சார். நூறு வருஷத்துக்கு மேல எடுத்த சூரியப் படங்கள் அங்க சேர்ந்திருக்கு.

புள்ளிக்கும் பஞ்சத்துக்கும் போட்ட முடிச்சு என்னாச்சு? இந்திய வானிலைத் துறைக்குத் தலைவரா 1904-ல வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித ஆள். வருஷக்கணக்கான மழையையும் புள்ளிகளையும் உட்கார்ந்து ஒப்பிட்டார். பருவமழையைச் சொல்ற அளவுக்கு அந்த உறவு வலுவா இல்லைன்னு தெரிஞ்சது. அவர் தேடலை நிறுத்தலை. பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவுல காற்றழுத்தம் ஊஞ்சல் மாதிரி ஆடுறதைக் கண்டுபிடிச்சார். இன்னைக்கு எல் நினோன்னு செய்தியில கேக்குறோமே, அதோட மறுபாதி இது. 1877-ல பசிபிக்கில இருந்தது வரலாற்றிலேயே பெரிய எல் நினோக்கள்ல ஒண்ணு. மழை பொய்ச்சதுக்குக் கடல் காரணம். மழை பொய்ச்சது இத்தனை லட்சம் சாவா மாறினதுக்கு ஆட்சி காரணம். சூரியன் ரெண்டிலயும் குற்றவாளி இல்ல.

இன்னைக்கும் அதே வழக்கு

அப்போ கேஸ் ஃபைலைத் திரும்பத் திறப்போம். இப்போ பூமி சூடாகுறதுக்கு இன்புட் காரணமா, செட்டிங்க்ஸ் காரணமா?

சூரிய ஒளியோட மொத்த அளவை 1978-லிருந்து செயற்கைக்கோள்கள் விடாம அளந்துக்கிட்டு இருக்கு. 11 வருஷச் சுழற்சியில அது ஏறி இறங்குறது ஆயிரத்துல ஒரு பங்கு, அதாவது 0.1 சதவீதம். பூமி உள்ள வாங்குற கணக்குல கால் வாட் வித்தியாசம் கூட முழுசா வராது. சுழற்சியைத் தாண்டி இந்தப் பல பத்தாண்டுகள்ல சூரியன் மேல ஏறிக்கிட்டே போகலை. ஆனா பூமியோட வெப்பம் ஏறிக்கிட்டே போகுது. தொழிற்புரட்சிக்கு முன்னாடி இருந்ததை விட 1.5 டிகிரிக்கு மேல போன முதல் ஆண்டு 2024.

செட்டிங்க்ஸ் பக்கம் பாருங்க. காற்றுல பத்து லட்சம் மூலக்கூறுக்கு 280-ஆ இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போ 420-ஐத் தாண்டியாச்சு. ஐபிசிசி கணக்குப்படி, 1750-லிருந்து மனுஷன் செஞ்ச மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 வாட் கூட்டியிருக்கு. அதே காலத்துல சூரியனோட பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம்.

இதுக்கு ஒரு கைரேகையும் இருக்கு, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆதாரம். சூரியன் அதிகமா எரிஞ்சா காற்று மண்டலம் மேல இருந்து கீழ வரைக்கும் எல்லா அடுக்கும் சூடாகணும். கூரை தடிமன் ஆனா கீழ சூடாகணும், மேல் அடுக்கு குளிரணும். அளந்து பார்த்தா தரைப் பக்கம் சூடாகுது, ஸ்ட்ராடோஸ்பியர் குளிருது. வழக்கு முடிஞ்சது.

திருத்தணி பேர் கோடைச் செய்தியில எத்தனை முறை வருதுன்னு உங்களுக்கே தெரியும். அங்க வர்ற ஒவ்வொரு வெயில் நாளுக்கும் இதுதான் ஒரே காரணம்னு சொல்லலை. கடல் காற்று எப்போ உள்ள வருது, மேகம் இருக்கா, எத்தனை மரம் வெட்டியிருக்கோம், எவ்வளவு சிமென்ட் போட்டிருக்கோம் எல்லாம் சேரும். ஆனா எல்லா நாளுக்கும் அடியில இருக்கிற தரைமட்டம் உயர்ந்திருக்கு. அதை உயர்த்தினது சூரியன் இல்ல.

தலைக்கு மேல நூறு கிலோமீட்டர்

சரி, அப்போ அந்த "வெடிப்பு" எங்க போகுது? மேல.

சூரியனோட புற ஊதாவும் எக்ஸ் கதிரும் தரைக்கு வர்றதுக்கு முன்னாடியே நின்னுடும். ஒரு பகுதி 20, 30 கிலோமீட்டர் உயரத்துல ஓசோன்ல நிக்கும். இன்னும் உக்கிரமானது 80 கிலோமீட்டருக்கு மேலேயே காற்று அணுக்கள்ல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிப் போட்டு, மின்னூட்டம் உள்ள ஒரு அடுக்கை உண்டாக்கும். இதுக்குப் பேர் அயனி மண்டலம். தினமும் காலையில வளரும், ராத்திரி தேயும்.

தென் தமிழ்நாட்டுக்கு இதுல தனி இடம். பூமியோட காந்த நடுக்கோடு திருநெல்வேலி, திருவனந்தபுரம் பக்கமா போகுது. அதுக்கு நேர் மேல, ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்துல, பகல் நேரத்துல ஒரு பெரிய மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடும். 1963 நவம்பர் 21-ல இந்தியா முதல் ராக்கெட்டைத் தும்பாவிலிருந்து விட்டதுக்கு இந்தக் கோடுதான் காரணம். திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வகம் இருக்கிறதுக்கும் இதே காரணம்.

உங்க ஃபோன்ல வர்ற ஜிபிஎஸ் சிக்னல் இந்த அடுக்கைத் தாண்டித்தான் வரணும். தாண்டும்போது தாமதமாகும். சில மீட்டரிலிருந்து பல பத்து மீட்டர் வரைக்கும் இடம் தப்பலாம். நம்ம மாதிரி வெப்பமண்டல நாடுகள்ல சூரியன் மறைஞ்சதும் அந்த அடுக்குல குமிழி குமிழியா ஓட்டை விழுந்து சிக்னல் நடுங்கவும் செய்யும். விமானங்களுக்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் ககன் அமைப்பைக் கட்டினப்போ, அதுல பெரிய தலைவலியே இந்த அயனி மண்டலத் திருத்தம்தான். அந்த ககன் செயற்கைக்கோள் வழியா மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்புற ஜெமினி கருவியும் 2019-ல வந்தது.

பழவேற்காடு மீனவர்களுக்கு ஸ்ரீஹரிகோட்டான்னா இதுவரைக்கும் முதல்ல ஞாபகம் வர்றது, ராக்கெட் விடுற நாள்ல கடலுக்குப் போகாதீங்கன்னு வர்ற அறிவிப்பு. ஒரு நாள் வருமானம் போகும். அந்த ராக்கெட் வச்சுட்டு வர்ற செயற்கைக்கோள்தான் இன்னொரு நாள் புயலைச் சொல்லுது. அந்தச் செயற்கைக்கோளுக்கே ஆபத்து வர்றது சூரியப் புயல்ல.

புயல் வந்தா

1859 செப்டம்பர் 1-ல இங்கிலாந்துல ரிச்சர்ட் கேரிங்டன் சூரியனில் ஒரு வெளிச்ச வெடிப்பைப் பார்த்தார். 18 மணி நேரத்துக்குள்ள புயல் பூமியைத் தாக்கிருச்சு. பல நாடுகள்ல தந்திக் கம்பிகள் தடுமாறின. பம்பாய் கொலாபா ஆய்வகத்துல காந்தமானி 1,600 நானோ டெஸ்லா சரிவைக் காட்டிச்சு. சாதாரணப் புயலுக்கு 100 வந்தாலே கவனிப்பாங்க. அந்தப் புயலோட அளவைப் புரிஞ்சுக்க இன்னைக்கும் உலகம் பார்க்கிற பதிவுகள்ல கொலாபா பதிவும் ஒண்ணு. புயல் பூமியைத் தொட்ட தேதி செப்டம்பர் 2. ஆதித்யா கிளம்பினதும் அதே தேதி. தற்செயல்தான், ஆனா நல்லாருக்குல்ல?

1989 மார்ச் 13-ல கனடாவோட கியூபெக்ல மின் கட்டமைப்பு ஒண்ணரை நிமிஷத்துல விழுந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்ல. 2022 பிப்ரவரியில ஸ்டார்லிங்க் 49 செயற்கைக்கோள்களை அனுப்பிச்சு. அப்போ வந்தது சின்னப் புயல்தான். ஆனா மேல் காற்று சூடாகி வீங்கி, உரசல் கூடி, ஏறத்தாழ 40 திரும்ப விழுந்து எரிஞ்சு போச்சு.

2024 மே 10, 11-ல இருபது வருஷத்துல பெரிய புயல். லடாக் ஹான்லேல வானம் சிவந்ததைக் கேமரா பிடிச்சது. ஆதித்யாவோட கருவிகளும் அதைப் பதிவு செஞ்சது. இந்தியாவுக்குப் பாதிப்பு கம்மி. இஸ்ரோ சொன்ன காரணம், புயலோட உச்சம் நமக்கு விடியற்காலையில வந்தது, அயனி மண்டலம் அப்போ முழுசா வளரலை. கூடவே நாம துருவத்திலிருந்து தள்ளி இருக்கோம். அதே வாரம் அமெரிக்காவுல ஜிபிஎஸ்-ஐ நம்பி விதைக்கிற டிராக்டர்கள் நின்னு போச்சு. நமக்கு மதியம் வந்திருந்தா? அந்தக் கேள்விக்காகத்தான் தெருமுனையில ஒரு ஆள் தேவை.

ஆதித்யா இருக்கிற இடத்தைத் தாண்டின சூரியக் காற்று பூமிக்கு வர, 400 கிலோமீட்டர் வேகத்துல ஒரு மணி நேரம். 800-ல வந்தா அரை மணி. கம்மிதான். ஆனா ஒரு செயற்கைக்கோளைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுவர, மின் கட்டமைப்புல லோடைக் குறைக்க, அந்த அரை மணி நேரம் பெருசு.

இன்னொரு விஷயம். ஆதித்யாவோட முதன்மைக் கருவியான வெல்க், சூரியனோட வெளி அடுக்கைப் பார்க்கிற கருவி. அதைக் கட்டினது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். அதோட வேர் மதராஸ் வானியல் ஆய்வகம், அப்புறம் கொடைக்கானல். பஞ்ச காலத்துக் கேள்விக்குப் பதில் தேட வந்த அதே ஆய்வகத்தோட வாரிசு, சரியான கேள்வியோட சூரியனைப் பார்க்குது.

கடைசியா, புகைபோக்கி

இந்தக் கரையில மிச்சம் இருக்கிறது அனல் மின் நிலையம். அங்க எரியுற நிலக்கரியிலிருந்து வர்ற கார்பன் டை ஆக்சைடு கீழ கூரையைத் தடிமனாக்குதுன்னு பார்த்தோம். அதே வாயு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் மேல போனா நேர்மாறா வேலை செய்யும். அங்க காற்று ரொம்ப அடர்த்தி கம்மி, அதனால அது வெப்பத்தை நேரா விண்வெளிக்குத் தள்ளிவிட்டுடும். மேல் காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கினா உரசல் குறையும், உரசல் குறைஞ்சா உடைஞ்சுபோன செயற்கைக்கோள் துண்டுகள் விழாம இன்னும் ரொம்ப நாள் சுத்திக்கிட்டே இருக்கும். அத்திப்பட்டுப் புகைக்கும் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் போற பாதைக்கும் சம்பந்தம் இருக்கு. நான் முதல்முறை படிச்சப்போ ரெண்டு தடவை படிச்சேன்.

அதனால அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தா சண்டை போடாதீங்க, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சூரியன் கூடியிருந்தா மேல் அடுக்கு ஏன் குளிருது?" பதில் வராது. வந்தா எனக்கும் அனுப்புங்க.

ஏன் இவ்வளவு தூரம் பேசினேன்னா, பழி எங்க போகுதோ வேலையும் அங்கதான் போகும். 1877-ல சூரியனைக் காட்டினாங்க, கூலி 450 கிராம்லயே இருந்தது. இன்னைக்குச் சூரியனைக் காட்டினா, ஷெட்டுக்குள்ள வேலை பார்க்கிறவருக்கு மதிய இடைவேளை, குடிதண்ணி, சூட்டைத் தடுக்கிற கூரை, கரி இல்லாத கரண்ட் எதையும் யாரும் கேக்க வேண்டாம். சூரியனை நம்மால திருத்த முடியாது. மத்ததெல்லாம் நம்ம கையில இருக்கு.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வேலை பார்க்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, உங்க ஷெட்டுக்குள்ள மதியம் 2 மணிக்கு எத்தனை டிகிரின்னு ஒரு வாரம் குறிச்சு அனுப்புங்க. வெளிய எவ்வளவுன்னும் சேர்த்து. அதை வச்சு ஒரு தனி எபிசோடு பண்ணுவோம். அது வரைக்கும், தண்ணி குடிங்க.